ஊற்றிய கையும் சொன்ன வாயும்

கெண்டியின் மூக்கிலிருந்து விழும் தண்ணீருக்கு நூல் மாதிரி மெலிந்த ஒரு சத்தம் உண்டு. எதிர்வீட்டு ஜைபுன் காலா தொழுகைக்கு முன் கைகால் கழுவும் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் எங்கள் வீட்டில் உலை வைப்பதும் விளக்கேற்றுவதும் நடக்கும், ஏனென்றால் எங்களிடம் கடிகாரம் கிடையாது. மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள், ஒரே குழாயைச் சுற்றி வரிசையாகக் கட்டிய 'ஸ்டோர்' வீடுகள். நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள்; அவர்கள் முஸ்லிம்கள். 'காலா' என்றால் அவர்கள் பேச்சில் சித்தி. எனக்கும் அவள் அப்படித்தான். அவள் புருஷன் ஜாம்பஜாரில் அத்தர் கடையில் இருந்தார், என் அப்பா அடையாறு பங்களா ஒன்றில் சமையல்காரராக இருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவார். ஆகவே பகலெல்லாம் அம்மாவுக்குக் காலா, காலாவுக்கு அம்மா.

அந்த வருஷம் நான் புதுநன்மை என்கிற முதல் நற்கருணையை வாங்குவதற்காகக் கோவிலில் 'ஞான உபதேசம்' படித்துக்கொண்டிருந்தேன். ஞானஸ்நானம் பெறாமல் செத்துப்போகும் பிள்ளை மோட்சத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது, அழுகையும் சிரிப்பும் இல்லாத ஓர் இடத்தில் கடவுளின் முகம் பார்க்காமலே கிடக்கும் என்று உபதேசியார் சொல்லிக்கொடுத்தார். ஆனால் ஆபத்து நேரத்தில் பங்குச் சாமியார் இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும், வேதத்தில் சேராதவர்கள்கூட, தண்ணீர் ஊற்றி மந்திரம் சொல்லி அந்தப் பிள்ளையைக் கரையேற்றலாம் என்றும் சொன்னார். 'பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே' என்று முடியும் அந்த மந்திரம் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், நாள் ஆகும் முன்பே அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். ஆள் அனுப்பியும் மருத்துவச்சி வந்து சேரவில்லை. காலாதான் பிள்ளையை எடுத்தாள். ஆண் பிள்ளை. அழவில்லை. நெஞ்சு மட்டும் குருவிக் குஞ்சுக்கு மாதிரி ஏறி இறங்கியது. எழுந்திருக்க முடியாமல் கிடந்த அம்மா, "ஜைபுனு, தண்ணி ஊத்தி அந்த வார்த்தயச் சொல்லிடு. என் புள்ளய வுட்டுடாத" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

காலா தன் வீட்டுக்கு ஓடிப்போய்க் கெண்டியை எடுத்து வந்தாள். இடது உள்ளங்கையில் பிள்ளையின் தலை, வலது கையில் கெண்டி.

"தண்ணி ஊத்துறேம்மா. அந்த வார்த்த மட்டும் என் வாயில வராது. அல்லாவுக்குப் புள்ள கீதுன்னு நான் எப்டி சொல்வேன்?"

பிறகு என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு, கண்ணு. நான் ஊத்துறேன்."

நான் சொன்னேன், அவள் ஊற்றினாள். அம்மா 'சவரிமுத்து' என்று பெயர் வைத்தாள். விளக்கு வைக்கும் முன்னே அவன் போய்விட்டான்.

அடக்கத்துக்கு ஏற்பாடு செய்ய மறுநாள் உபதேசியார் வந்தார். ஞானஸ்நானம் கொடுத்தது யார் என்று கேட்டார். நடந்தது நடந்தபடி சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஊத்துற ஆளேதாம்மா சொல்லவும் வேணும். ரெண்டு பேர் பாதிப் பாதியா குடுத்தா அது செல்லாது."

அம்மா படுத்தபடியே கேட்டாள்: "கை அவளுது, வாய் என் பொண்ணுது, புள்ள என்னுது. இதுல ஆண்டவருக்கு இன்னா கொறஞ்சுபோச்சு?"

அவர் கெட்டவர் இல்லை. கண் கலங்கித்தான் நின்றார். ஆனாலும் என் தம்பியைக் கல்லறைத் தோட்டத்தின் மதிலோரம், மந்திரிக்காத மண்ணில்தான், சாமியார் இல்லாமல் புதைத்தார்கள்.

அதன் பிறகு அம்மா காலாவோடு பேசவில்லை. ஒரே ஒரு வரி, அதைக்கூட என் பிள்ளைக்காகச் சொல்லமாட்டாளா என்பது அம்மாவின் ஆற்றாமை. காலாவையோ அவள் வீட்டில் மாமியார், "அவங்க சடங்குக்கு நீ ஏண்டி கை குடுத்தே?" என்று தினமும் ஏசிக்கொண்டிருந்தாள். ஊற்றியதற்கு அங்கே ஏச்சு, சொல்லாததற்கு இங்கே மௌனம். குழாயடியில் இருவரும் குடத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். அம்மா தேறாமல் படுத்ததில் என் படிப்பும் நின்றது. அடுப்பு என் கைக்கு வந்தது.

அடுத்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு மதிலோரம் போனாள். அங்கே யாரும் மெழுகுவத்தி ஏற்றுவதில்லை. முக்காட்டோடு ஒருத்தி மட்டும் குந்தி, இரண்டு கையையும் ஏந்தியபடி இருந்தாள். மேடு நனைந்து, அதன்மேல் ஒரு பச்சைக் கொத்து செருகியிருந்தது. அம்மா போய்க் காலாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னாடி கேட்டுக்கினு கீறே?"

"நீ அங்க போனதும் இவன உன் மடியில குடுக்கச் சொல்லி."

"யார்கிட்ட கேட்டே? உங்காள்கிட்டயா, எங்காள்கிட்டயா?"

"ரெண்டு பேரு கீறாங்களா அங்க?"

"அது தெரிஞ்சிருந்தா ஒரு வருசமா உன்கிட்ட பேசாம கெடப்பேனாடி, பைத்தியமே" என்று அம்மா அவள் தோளில் சாய்ந்து அழுதாள். காலா கடைசிவரை அந்த வரியைச் சொல்லவில்லை. அம்மா கடைசிவரை அது சொல்லியிருக்க வேண்டிய வரி என்றுதான் நினைத்தாள். இருவரும் அப்படியே ஒருத்தி தட்டில் ஒருத்தி சாப்பிட்டுக் கிழவிகளானார்கள்.

இன்று அந்த ஸ்டோர் இருந்த இடத்தில் நாலு மாடி நிற்கிறது. மதிலோரத்து மேடுகளைத் தரைமட்டமாக்கிக் கல் பாவிவிட்டார்கள். காலா, மகனோடு வேளச்சேரிக்குப் போய் அங்கேயே கண்ணை மூடினாள். அழுகையும் சிரிப்பும் இல்லாத அந்த இடத்தைப் பற்றி இப்போது கோவிலில் யாரும் பேசுவதே இல்லை. போன மாதம் வீடு மந்திரிக்க வந்த இளம் சாமியாரிடம் எங்கள் கதையைச் சொல்லி, அந்த இடம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அப்படியெல்லாம் இப்போ சொல்லிக்குடுக்கறதில்ல பாட்டிம்மா. அந்தப் பிள்ளைகள ஆண்டவரோட இரக்கத்துல விட்டுடறோம்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. என் அம்மா அழுத அழுகையை யார் திருப்பித் தருவது?

"சரி சாமி, என் தம்பிக்கு வழி வுட்டுட்டீங்க. அவன் தலையில தண்ணி ஊத்துனாளே, அவளுக்கு?"

அந்த இளம் சாமியார் கையிலிருந்த புத்தகத்தை ஒருமுறை பார்த்தார்.

"தெரியல பாட்டிம்மா."

நான் கேட்ட பிரசங்கங்களுக்குக் கணக்கில்லை. தெரியவில்லை என்று எந்தச் சாமியாரும் என்னிடம் சொன்னதில்லை. உட்காரச் சொல்லி, அவர் காபியில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டேன்.