மொனிட்டர் அறையில் ஐந்து ஞாயிறு

1. வேலை வந்த விதம்

நான் கண்காணிப்புக் கமெரா பூட்டுகிறவள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தங்கைமாருக்காக, நான் செய்த ஒரு பிழையை எழுதுகிறேன். நல்லபடி செய்தவற்றையும் எழுதலாம். ஆனால் அவற்றில் கழுதை இல்லை.

2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தபோது, புத்தளத்தில் ரிஸ்மி நானாவின் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமும் ஆகவில்லை. சில வாரங்கள் கோயில்களில் பூசை இல்லை. அம்மாவும் நானும் தொலைக்காட்சிக்கு முன்னால் முழங்காலில் நின்றோம். பிறகு கோயில்களைத் திறக்கப்போவதாகச் சொன்னார்கள். கற்பிட்டிப் பாதையில் உள்ள எங்கள் பங்கின் ஃபாதர் கடைக்குத் தொலைபேசி எடுத்தார். கமெரா வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்றார்.

ரிஸ்மி நானா ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, இது ஒங்கட கோயில். நீங்களே போய்ப் பாத்துட்டு வாங்களே."

"நீங்க வராம எப்பிடி நானா? ஏணியை ஆர் பிடிக்கிறது?"

"இந்த நேரத்தில தாடியோட ஒருத்தன் கோயில் மதில்ல ஏணி வச்சு நிண்டா, கமெரா பூட்ட முந்தியே பொலிஸ் வந்துரும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் வேன் சாவியை எடுக்க அவருக்குக் கால் மணித்தியாலம் ஆனது.

கோயில் வாசலில் ஃபாதரே நின்றார். நானாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ப் பிளேன்டீ ஊற்றினார். அது ரமழான் நோன்பு மாதம். நானா கோப்பையைப் பார்த்தார், ஃபாதர் நானாவைப் பார்த்தார்.

"ஐயோ, மறந்திட்டன்," என்று ஃபாதர் தன் கோப்பையையும் மூடி வைத்தார். மூன்று நாள் வேலையிலும் நானாவுக்கு முன்னால் அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஏணியையும் அவரே பிடித்தார். தெருவால் போனவர்கள் அதைப் பார்த்தார்கள். பொலிசுக்கு யாரும் கோல் அடிக்கவில்லை.

2. அறிக்கையில் எழுதிய மூன்று காரணங்கள்

நான் எதையும் பட்டியல் போட்டுத்தான் செய்வேன். எட்டுக் கமெராவுக்கும் இடம் குறித்தேன். மொனிட்டரையும் பதிவுப் பெட்டியையும் பீடத்துக்குப் பின்னால், குருவானவர் உடுப்பு மாற்றும் அறையில் வைக்கலாம் என்று எழுதி, காரணங்களையும் கொடுத்தேன்.

ஒன்று, அங்கே பிளக் பொயின்ட் இருக்கிறது.
இரண்டு, உப்புக்காற்று வராது, கனெக்டர்கள் துருப்பிடிக்காது.
மூன்று, பூட்டி வைக்கலாம்.

நானா அறிக்கையை இரண்டு தரம் வாசித்தார்.

"கோயிலுக்குள்ள பாடகர் மாடியிலயும் பிளக் இருக்கு. உப்புக்காத்தும் வராது. ஒரு அலுமாரிக்குள்ள வச்சா அங்கயும் பூட்டலாம். கேபிளும் பாதிதான் போகும். ஏன் தங்கச்சி இங்க?"

"இங்கதான் நல்லம் நானா."

அவர் மேலே கேட்கவில்லை. நான்காவது காரணத்தை நான் எழுதவில்லை. அந்த அறைக்கு வெளியே திறக்கும் ஒரு கதவு இருந்தது.

வெறும் கோயிலில் எனக்குப் பயமில்லை. டிரில்லும் கையுமாக முழு நாளும் நின்றேன். ஆட்கள் நிறைந்த கோயிலை நினைத்தால்தான் பயம். பூசை தொடங்கிய பிறகு யார் மொனிட்டர் பார்ப்பது என்று பங்குச் சபைக் கூட்டத்தில் கேட்டபோது, நான் முதலாவதாகக் கை தூக்கினேன். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள்.

3. ஐந்தாம் கமெரா

கோயிலுக்கு உள்ளே பார்ப்பது ஐந்தாம் கமெரா. முதல் ஞாயிறு அதில் அம்மாவைக் கண்டேன். இடப்பக்கம், நான்காவது வரிசை வாங்கு. பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் முகம் துடைக்கும் தன் லேஞ்சியை விரித்து வைத்திருந்தார். யாரோ அங்கே இருக்க வந்தபோது அம்மா தலையாட்டி மறுப்பது தெரிந்தது. இரண்டாம் ஞாயிறும் லேஞ்சி இருந்தது. மூன்றாம், நான்காம் ஞாயிறும் இருந்தது.

வீட்டில் நான் கேட்டேன்.

"அம்மா, சனம் நிக்குது. நீங்க ஏன் இடம் பிடிக்கிறீங்க?"

"உனக்குத்தான்."

"எனக்கு வேலை இருக்கெல்லோ."

"ஓம். அதுதான் லேஞ்சி வச்சிருக்கன். வேலை இல்லாட்டி ஏன் வைக்கிறன்?"

அந்த அறையிலும் நான் செபித்தேன். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே செபம்தான்: ஆண்டவரே, இந்தப் பயத்தை எடுத்துவிடும், பிறகு உள்ளே போகிறேன். அவர் எடுக்கவில்லை. நானும் போகவில்லை.

4. பஸர்

ஐந்தாம் ஞாயிற்றுக்கு முன்னால், பின் மதிலுக்கு ஓர் எச்சரிக்கை பஸர் வேண்டும் என்று சபையினர் கேட்டார்கள். அந்தப் பக்கம் பற்றைக்காடு. ஆள் அசைந்தால் நாலாம் கமெரா கண்டுபிடித்து பஸரை அடிக்கும். மெனுவலில் உள்ளபடி செட்டிங் போட்டேன். சனிக்கிழமை நான் நடந்தேன், பஸர் அடித்தது. நானா நடந்தார், அடித்தது. காகம் பறந்தது, அடிக்கவில்லை. சரி என்று கையெழுத்து வைத்தேன்.

மறுநாள் ஃபாதர் அப்பத்தை உயர்த்திய நேரம், கோயிலில் இருமல்கூட இல்லாத நேரம், பஸர் அடித்தது.

நான் நாலாம் கமெராவைப் பார்த்தேன். மதில் உடைந்த இடத்தால் ஒரு கழுதை உள்ளே வந்து, பங்குத் திருநாளுக்குக் கட்டியிருந்த குருத்தோலைத் தோரணத்தைத் தின்றுகொண்டிருந்தது. பின்னால் அதன் குட்டி. கற்பிட்டிப் பக்கத்தில் கழுதை எங்கும் திரியும். இங்கே பிறந்து வளர்ந்த நான் காகத்தைச் சோதித்தேன், கழுதையை மறந்துவிட்டேன்.

பஸரை உடனே நிறுத்தினேன். ஆனால் ஐந்தாம் கமெராவில் சனம் எழும்பிவிட்டது. பாதுகாப்புக்காகப் பக்கக் கதவுகளைப் பூட்டியிருந்தோம். திறந்திருந்தது பெரிய வாசல் ஒன்றுதான். ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாங்குக்கு மேலால் கால் வைத்தார். வாசலடியில் ஏற்கனவே நெரிசல். இன்னும் அரை நிமிடம் போனால் யாராவது மிதிபடுவார்கள். அது கழுதை என்று அந்தக் கோயிலில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் வலப்பக்கம் வெளிக்கதவு. இடப்பக்கம் பீடத்துக்குப் போகும் கதவு. ஆண்டவரே, பயம் இருக்கட்டும், என்னோடு வாரும் என்றேன். அவ்வளவுதான் சொல்ல நேரம் இருந்தது. இடக்கதவைத் திறந்தேன்.

ஃபாதர் அசையாமல் அதே இடத்தில் நின்றார். நான் ஒலிவாங்கியைப் பிடித்தேன். என் குரல் எனக்கே வேறு ஆளின் குரலாகக் கேட்டது.

"கழுதை. பின்மதில்ல கழுதை நிக்குது. வேற ஒண்டும் இல்ல. குட்டியும் நிக்குது."

எல்லாரும் நின்ற இடத்தில் நின்றார்கள். வாசலடியில் இருந்த ஒரு வயதான மீனவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"குட்டிக்கு ஞானஸ்நானம் கேட்டு வந்திருக்கும், ஃபாதர்."

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. பிறகு கோயில் முழுவதும் சிரித்தது. பிள்ளையைத் தூக்கிய பெண் அழுதுகொண்டே சிரித்தார். ஃபாதரின் தோள்கள் குலுங்கின.

"பூசை முடியட்டும், பேர் எழுதுவம்," என்றார். "இருங்கோ எல்லாரும்."

எல்லாரும் இருந்தார்கள். நின்றுகொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். நான்காவது வாங்கில் அம்மா லேஞ்சியை எடுத்து மடித்தார். நான் நடந்துபோய் அந்த இடத்தில் இருந்தேன்.

"கமெராவை ஆர் பாக்கிறது?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கழுதை பாக்கும். நீ பூசையைப் பார்."

5. திருத்தம்

திங்கட்கிழமை நானாவிடம் சொன்னபோது அவர் கதிரையிலிருந்து விழுமளவுக்குச் சிரித்தார். "மெனுவல் எழுதினவன் கற்பிட்டிக்கு வந்ததில்ல தங்கச்சி. நீங்க இங்கதானே பொறந்த?" என்றார். பிறகு இருவரும் போய்ச் செய்தவை: மதில் உடைவுக்குத் தற்காலிக வேலி. கோயிலுக்குள் கேட்காதபடி பஸருக்குப் பதில் ஒரு விளக்கு. பக்கக் கதவுகளின் பூட்டுகளை அகற்றி, ஒவ்வொன்றிலும் ஓர் ஆள்.

இந்தத் தொழிலில் நான் கற்றது இதுதான். இடம் தேர்ந்து காரணம் எழுதும்போது, எழுதாமல் விட்ட காரணம் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த இடம் பெரும்பாலும் பிழை. பயம் போன பிறகு போவோம் என்றும் காத்திருக்காதீர்கள். எனக்கு அது இன்னும் முழுதாகப் போகவில்லை. பட்டாசு வெடித்தால் இன்றும் அம்மாவின் கையைத் தேடுகிறேன். ஆண்டவர் பயத்தோடும் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறார், நானும் போகிறேன்.

அந்தத் திங்கட்கிழமையே மொனிட்டரைப் பாடகர் மாடிக்கு மாற்றினோம். ஒரு ஞாயிற்றுக்கு ஓர் ஆள் என்று முறை வைத்துப் பார்க்கிறார்கள், என் முறையும் வரும். இடமாற்றப் படிவத்தில் காரணம் எழுத மூன்று வரி இருந்தது. நான் ஒரு வரிதான் எழுதினேன்: இங்கிருந்து பீடம் தெரிகிறது.

நானா அதை ஒரே தரம் வாசித்துக் கையெழுத்து வைத்தார்.