கால் மாற்றிய மாடும் பதினாறு இடங்களும்

எண்பதுகளின் கடைசியில், நாமக்கல் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை ஒன்றில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, ஏற்றி வரும் லாரிகளுக்கு ஓர் எடைமேடை, மாட்டுவண்டிகளுக்கு ஓர் எடைமேடை. இரண்டிலிருந்தும் வரும் எண்ணை வாங்கிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் டிரைவர் நிரலை நான்தான் எழுதினேன். அது கம்ப்யூட்டரின் கெர்னல் என்ற உள்மையத்திலேயே ஓடுவது. அங்கே கை வைக்கத் தெரிந்தவன் ஜில்லாவிலேயே நான் ஒருத்தன்தான் என்று எனக்கு நினைப்பு. தலைக்கனம் என்றால் அப்படியொரு தலைக்கனம்.

ஒருநாள் ஒரு மாட்டுவண்டிக்கு ஐந்நூறு கிலோ கூடுதலாக எடை விழுந்தது. போதாத காலம், அது எடை பார்ப்பவருடைய மச்சானின் வண்டி. அன்றே எடை பார்ப்பவர் என் அறை வாசலில் வந்து நின்று ஏதோ சொல்லத் தொடங்கினார். "அப்புறம் பாக்கலாம் போங்க" என்று அனுப்பிவிட்டேன். மறுநாள், மச்சானுக்காக எடையைக் கூட்டிப் போட்டார் என்று அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ஆனாலும் தினமும் வந்து கேட் அருகே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன்.

பிழையைக் கண்டுபிடித்தது என்னுடன் வேலை பார்த்த சங்ககிரிப் பெண். மேடையில் மாடு கால் மாற்றினால் எண் பாதியில் அறுந்துவிடும், எண் முடிந்தது என்று காட்டும் முடிவுக்குறி வராது. என் நிரல் அதைத் தேடிக்கொண்டே, தனக்கு ஒதுக்கிய பதினாறு இடங்களையும் தாண்டிப் போய், அடுத்திருந்த லாரி மேடையின் எண்ணையும் சேர்த்து வாசித்துவிடும். வரப்பைத் தாண்டிப் பக்கத்துக் காட்டுக் கிழங்கையும் பிடுங்கின கதை. நான் சோதித்ததெல்லாம் அசையாத எடைக்கல்லை வைத்து. வண்டிமாடு கட்டின வீட்டில் பிறந்த எனக்கு, மாடு சும்மா நிற்காது என்பது தோன்றவில்லை பாருங்கள்.

அவள் திருத்தம் எழுதினாள். அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். எப்படியாவது ஒரு குறை கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற வெறியோடு பென்சிலை எடுத்தேன். கிடைத்தது.

"பதினாறு வரைக்கும்னு போட்டிருக்கிற. எண்ணுறது சைபர்ல இருந்து. இப்பவும் ஒரு எடம் தாண்டிப் படிக்குது" என்றேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

"ஆமாங்க, பதினஞ்சோட நிறுத்தோணும். மாத்தீர்றேன்" என்று அங்கேயே திருத்தினாள். பிறகு தாளின் அடியைக் காட்டினாள். "காரணம்ங்கிற எடத்த உட்டு வெச்சிருக்கறனுங்க. அத நீங்க எழுதுங்க."

'இயந்திரக் கோளாறு' என்று எழுதினால் என் பெயர் தப்பும். ஆனால் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் அந்த எடை பார்ப்பவர்தானே, பழி அவர் தலையிலேயே நிற்கும். அவள் நகராமல் நின்றாள். நான் பென்சிலைச் சீவினேன், முனை கூராக இருந்தும். வெட்கமாக இருந்தது. கடைசியில் பேனாவை எடுத்து, 'டிரைவர் நிரலை எழுதிய என் தவறு. எடை பார்த்தவர்மேல் குற்றமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். நாளையிலிருந்து அவரை வரச் சொல் என்றார்.

வேப்பமரத்தடிக்கு நானே போனேன்.

"மாடு கால மாத்துனதுல நான் எழுதுன புரோகிராம் தப்பாப் படிச்சிருச்சுங்க. நாளைக்கு வேலைக்கு வந்துருங்க" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"மாடு கால மாத்துச்சுன்னு சொல்லத்தானுங்க சாமி, அன்னைக்கு உங்க ரூமுக்கு வந்தேன்" என்றார்.