நாலடிக்கு ஒரு கம்பம்

போன ஞாயிற்றுக்கிழமை, நகரி மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் நிலத்துக்குப் போயிருந்தேன். போகாமலே இருந்திருக்கலாம்.

மாமனார் தன் இரண்டு மகள்களுக்கும் பக்கத்துப் பக்கத்திலேயே நிலம் பிரித்துக் கொடுத்திருக்கிறார். ஒன்று எங்களுடையது. இன்னொன்று என் சகலையுடையது — ஸ்ரீசிட்டி கம்பெனியில் வேலை, லீவு நாளில் விவசாயம். இரண்டிலும் வேர்க்கடலை. இரண்டுக்கும் பின்னால் மலை. மலையிலிருந்து இறங்கும் காட்டுப்பன்றிகள்.

சகலை முந்திக்கொண்டு வேலி போட்டுவிட்டான். எட்டடிக்கு ஒரு கல் கம்பம், விறைப்பாக முள்கம்பி. எங்கள் இருவருக்கும் நடுவில் மட்டும் போடவில்லை. “நம்ப அண்ணன் நிலந்தான, அங்க எதுக்கு?” என்றானாம். மாமனார் ஒவ்வொரு கம்பமாகத் தட்டிப் பார்த்து மெச்சிக்கொண்டார். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே!

எனக்கு வயிறு எரிந்தது. ஒளிப்பானேன்?

மறு வாரமே ஒரு லோடு கம்பம் இறக்கினேன். அவன் எட்டடியா? நான் நாலடி! அதுவும் எங்கே? அவன் நிலத்தை ஒட்டிய பக்கத்தில். அவன் கண்ணில் பட வேண்டாமா?

“பன்னி மலைப்பக்கந்தான வருது? இந்தப் பக்கம் யாரு வரப்போறாங்க, என் தங்கச்சியா?” என்றாள் என் மனைவி.

காதில் வாங்கினால்தானே... முக்கால்வாசிக் கம்பம் அங்கேயே தீர்ந்தது. மிச்சத்தை வைத்து மலைப்பக்கத்தை ஒப்பேற்றினேன். பதினைந்து அடிக்கு ஒன்று. நடுவில் கம்பி, துணி காயப்போடும் கொடி மாதிரி தொங்கியது. பொறாமைப்படுகிறவனுக்கு ஆபத்து வரும் பக்கம் தெரியாது. அடுத்தவன் பார்க்கும் பக்கம்தான் தெரியும்.

பன்றிகள், கம்பி தொங்கிய பக்கத்தைப் பார்த்தன.

ஞாயிறன்று நான் போனபோது செடிகள் வேரோடு பிடுங்கப்பட்டுக் கிடந்தன. காய் முற்றி, அறுவடைக்கு ஆள் சொல்லி வைத்திருந்த நேரம். ஒரு காய்கூட மிச்சமில்லை. பக்கத்தில் சகலையின் கடலை மட்டும் பச்சைப்பசேல் என்று... சொன்னால் நம்புவீர்களா? அழுகையை முந்திக்கொண்டு பொறாமைதான் வந்தது.

சகலை ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணா, உங்களுத துன்னுட்டு என் பக்கந்தான் வரப் பாத்துச்சிங்க. உங்க வேலிய முட்டிக்கினே இருந்துட்டு அப்டியே திரும்பிப் போய்டுச்சிங்க. நாலடிக்கு ஒண்ணுன்னா சும்மாவா? ரொம்ப தேங்க்ஸ்ணா, சாலா தேங்க்ஸ்!”

நிஜமாகவே கண்கலங்கித்தான் சொன்னான். கிண்டலாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.