தலைவருக்கு ஒரு பிடி சோறு

எங்கள் அண்ணன் மலேயாவுக்குக் கடைவேலைக்குப் போனவன். அங்கேயே தலைவரின் படையில் சேர்ந்துவிட்டான். யுத்தம் முடிந்ததும், தலைவர் போன விமானம் விழுந்து அவர் இறந்துவிட்டார் என்று பேப்பரில் வந்தது. அப்பா நம்பவே இல்லை. அவர் நடராஜரைக்கூடச் சந்தேகப்படுவார், தலைவரைச் சந்தேகப்பட மாட்டார்.

"அவரு ஒருத்தரு போதும், தேசத்தோட தலையெழுத்தே மாறிடும். அவரு இருக்காருன்னா, அவர நம்பிப் போன நம்ம புள்ளயும் இருக்கான்" என்பார். அம்மா அதையே பிடித்துக்கொண்டு நாளை ஓட்டினாள்.

பரங்கிப்பேட்டைக்குத் திரும்பி வந்த மலேயாக்காரர் ஒருவர், அண்ணனைக் கடைசியாகக் கடும் காய்ச்சலில் பார்த்ததாகச் சொன்னார். சேதி கேட்டுக் கீரப்பாளையத்திலிருந்து அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, வந்து இறங்கினார்.

"அவரு ஒருத்தரா மச்சான் சண்ட போட்டாரு? செத்ததெல்லாம் ஊரான் பெத்த புள்ளைங்க. அவருக்கு நாடே அழுவுது, இவனுக்கு யாரு அழுவுறது? தை அமாவாசைக்குப் படைச்சிடுவோம்."

அப்பா எகிறினார். சண்டை முற்றி, கடைசியில் ஒரு கோணல் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். அண்ணனுக்கு ஓர் இலை, தலைவருக்கு ஓர் இலை. உயிரோடு இருப்பவரின் படையலைக் காக்கை தொடாது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. இரண்டையுமே தொடாது என்று அப்பாவுக்கு அவ்வளவு நிச்சயம்!

உச்சிவேளை. ஆண்கள் தலைமுழுகி வருவதற்குள் அம்மா சோறு போட, நான் மதில்மேல் வைத்தேன். தென்னைமரத்துப் பக்கம் அண்ணனுடையது, கிணற்றுப் பக்கம் தலைவருடையது. மாமா தொண்டை கிழியக் கூப்பிட்டார். மற்ற நாளில் வடகம் காயவிடாத காக்கைகளில் ஒன்றைக்கூடக் காணோம். தெருவில் ஒரு சத்தமில்லை.

பிறகு ஒன்றே ஒன்று வந்தது. கத்தவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றது. அப்புறம் தென்னைமரத்துப் பக்க இலைக்கு நடந்துபோய், பாகற்காயை ஒவ்வொன்றாகக் கொத்தி மதிலுக்கு வெளியே எறிந்துவிட்டுச் சோற்றில் வாய் வைத்தது. அண்ணனும், அப்பா பார்க்காத நேரத்தில், பாகற்காயை இப்படித்தான் ஜன்னல் வழியே எறிவான். ஐயோ, அம்மாவின் அப்போதைய முகம்! இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

"தலைவரு போயிட்டாரு" என்றாள் அம்மா. "அது அவரோட எல."

அப்பா துண்டில் முகத்தைப் புதைத்து, தேசமே போய்விட்டது என்று விம்மினார். "அம்மா, அது அண்ணனு..." என்று ஆரம்பித்தேன். அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது.

அன்று மாலை தலைவர் படத்துக்கு அவளே மாலை போட்டாள். பாவம், பதற்றத்தில் எது யாருடைய இலை என்று அம்மாவுக்கு மறந்துபோய்விட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.