கல்வனைஸ் தொட்டியில் மயில்துத்தம்

1

ஐம்பதுகளின் நடுவில் நான் கல்முனையில் படிப்பிக்கத் தொடங்கியபோது எங்கள் பாடசாலையில் ஆய்வுகூடம் கிடையாது. எஸ்.எஸ்.சி. வகுப்புக்கு இரசாயனம் என்றால் கரும்பலகைதான். உலோகங்களின் தாக்கத் தொடரை மேலிருந்து கீழாக எழுதிப்போட்டு, பொட்டாசியம், சோடியம், கல்சியம், மக்னீசியம், அலுமினியம், நாகம், இரும்பு, ஈயம், செம்பு, வெள்ளி, பொன் என்று வகுப்பு முழுவதையும் ஒரே குரலில் சொல்ல வைப்பேன். மேலே இருப்பது வீரியம் கூடியது, கீழே இருப்பது குறைந்தது. பரீட்சைக்கு அது போதும். எனக்கும் அதற்கு மேல் தெரியாது என்பதை ஒத்துக்கொள்வதில் இப்போது வெட்கம் இல்லை.

அந்த வருடமே கலியாணமும் நடந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய்க் குடியிருக்க வேண்டும். நான் சாய்ந்தமருதிலிருந்து மருதமுனைக்குப் போனேன். மாமா, அதாவது மனைவியின் வாப்பா, இடுப்பில் கட்டும் சாறன் நெய்விக்கிறவர். வளவின் பின்பக்கம் அவருடைய சாயக் கொட்டில். புதுமாப்பிள்ளை வாயைத் திறந்தால் அந்த வீட்டில் சொன்னது நடக்கும். அதிலும் சயன்ஸ் மாஸ்டர். மரியாதை தலைக்கு ஏறியிருந்தது.

சாயம் போட்ட நூலை, வெயிலுக்கு நிறம் மங்காமல் இருக்க, மயில்துத்தம் கரைத்த சுடுதண்ணீரில் கொஞ்சம் அசிட் விட்டு அமுக்கி எடுப்பார்கள். புத்தகத்தில் செப்புசல்பேற்று என்று வருவது இதே மயில்துத்தம்தான். அந்த வேலை சுலைகா ராத்தாவுடையது; ராத்தா என்றால் எங்கள் பக்கத்தில் அக்கா. கணவன் மௌத்தான பிறகு இரண்டு பெண்பிள்ளைகளோடு அதே தெருவில் இருந்தவர். பெரிய மண்சாடியில்தான் செய்வார். சுடுதண்ணீருக்குச் சாடி அடிக்கடி வெடிக்கும்.

"இந்தக் காலத்திலயும் மண்சாடியா மாமா? கல்முனைக் கடையில கல்வனைஸ் தொட்டி வந்திரிக்கி. துருவும் புடிக்கா, வெடிக்கவும் செய்யா" என்றேன்.

மாமா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "மருமகன் சொன்னாச் சரிதான்" என்றார். அடுத்த நாள் தொட்டி வந்து இறங்கியது.

2

பெருநாளுக்கு முன்பு அக்கரைப்பற்றுக்குப் போன சாறன் கட்டு திரும்பி வந்தது. வெயிலில் விரித்து வைத்த துணியில் நிறம் செத்துப்போயிருந்தது. அங்கங்கே செங்கல் தூள் மாதிரிக் கறை. மாமா நேரே கொட்டிலுக்குப் போய்த் தொட்டியைப் பார்த்தார். தண்ணீர் வெளிறிக் கிடந்தது.

"இதென்ன தண்ணி? துத்தம் போடல்லயா கா?"

"அரை றாத்தல் நிறுத்துத்தான் போட்டன் காக்கா. போடக்குள்ள நல்ல நீலமாத்தான் இருந்திச்சி" என்றார் சுலைகா ராத்தா.

"போட்ட நீலம் எங்க போகும்?"

"எனக்குத் தெரியா. அல்லாஹ்ட ஆணை, நான் எடுக்கல்ல."

மாமா என் பக்கம் திரும்பினார். "மருமகன், நீங்க படிச்ச ஆள். துத்தம் போட்டா நீலம் தானா மாறுமா?"

நான் தேநீர்க் கோப்பையோடு நின்றேன். யோசிக்கக்கூட இல்லை. "மாறா மாமா. போட்டிருந்தா நீலம் இரிக்கத்தான் வேணும்."

அவ்வளவுதான். ராத்தா கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். துத்தத்தை வெற்றிலைக் கொடிக்கு மருந்தடிக்கிறவர்களுக்கு விற்றாள் என்று இரண்டு நாளில் தெருவே கதைத்தது. மூத்த பிள்ளைக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தவர்கள் வருவதை நிறுத்தினார்கள்.

3

அடுத்த மாதம் பாடசாலைக்கு ஒரு பெட்டி இரசாயனப் பொருட்கள் வந்தன. எனக்குக் கால் நிலத்தில் இல்லை. பழைய டோர்ச் பற்றரியை வெட்டி அதன் நாகத் தகட்டை, அதாவது துத்தநாக உறையை, எடுத்து, ஒரு கண்ணாடிக் குவளையில் செப்புசல்பேற்றைக் கரைத்து அதற்குள் போட்டேன். பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்றார்கள். தகடு முதலில் கறுத்தது, பிறகு செங்கபில நிறத்தில் சேறு படிந்தது. பாடத்தைச் சொல்லிக்கொண்டே போனேன்.

"தொடரில் மேலே இருக்கும் நாகம், கீழே இருக்கும் செம்பை வெளியே தள்ளிவிட்டு அதன் இடத்தைப் பிடிக்கும். அதனால் நீலம்..."

நீலம் குறைந்துகொண்டே வந்தது. கல்வனைஸ் என்பது இரும்பின்மேல் பூசிய நாகம். ராத்தா போட்ட துத்தத்தைத் தின்றது நான் வாங்கச் சொன்ன தொட்டி. மணி அடிக்கும்வரை பிள்ளைகளை எதையோ எழுதச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று பின்னேரம் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாடியைத் தடவினார். "சரி, அவவத் திரும்பக் கூப்பிடுவம். காரணம் ஒருத்தருக்கும் தெரிய வேணாம். புதுமாப்பிள்ளட பேர் கெடப்படா."

நானும் "ஓம் மாமா" என்றேன். உண்மையில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த நாள் சைக்கிளில் போகும்போது ராத்தாவின் மூத்த மகள் என்னைக் கண்டு வேலியோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அதன் பிறகு அந்த நிம்மதி இருக்கவில்லை.

4

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தெருவில் நின்ற ஆட்களை நானே கொட்டிலுக்குக் கூட்டிப் போனேன். மனைவி போய் ராத்தாவை அழைத்து வந்தாள். மாமா முகம் கொடுக்கவில்லை. தொட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டி, எல்லோர் முன்னாலும் ஒரு கண்ணாடிக் குவளையில் கரைத்த துத்தத் தண்ணீரில் போட்டேன். அரை மணித்தியாலம் போனது. நீலம் வெளிறியது.

"ராத்தா துத்தம் போட்டிருக்கா. தொட்டிதான் திண்டிரிக்கி. தொட்டி வாங்கச் சொன்ன ஆளும் நான், அவவுக்கு எதிராச் சொன்ன ஆளும் நான்" என்றேன்.

ஆட்கள் குவளையைக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். ராத்தா அதைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நான் அல்லாஹ்ட ஆணையாச் சொன்னன் மாஸ்டர். அத ஒருத்தரும் நம்பல்ல. இந்தத் தகரத் துண்டு சொன்னோடன நம்பிட்டீங்க."

நின்றுபோன கலியாணப் பேச்சு பிறகு கூடி வந்தது. மாமா இரண்டு முறை ஆள் அனுப்பியும் ராத்தா எங்கள் கொட்டிலுக்குத் திரும்பவில்லை. அடுத்த தெருவில் வேறொரு கொட்டிலில் சேர்ந்தார், மண்சாடியோடு.

ஓய்வு பெறும்வரை நான் தாக்கத் தொடரைப் படிப்பித்தேன். பிறகு கட்டிய ஆய்வுகூடத்தில் ஒரு பிள்ளை வந்து "சேர், சரியாத்தான் போட்டன், ஆனா வரல்ல" என்றால், சரியாகப் போட்டிருக்கும் என்றே முதலில் எடுத்துக்கொள்வேன். பிறகுதான் எந்தப் பாத்திரத்தில் போட்டது என்று கேட்பேன்.