ஒரே ஒரு ரிங்

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காக மதுரையிலிருந்து சிவகாசிக்கு பஸ்ஸில் போனேன். கையில் எல்லோரும் பேசுகிற ஒரு த்ரில்லர். ரகசியக் குறியீடுகளை உடைக்கிற பேராசிரியர், துரத்துகிற கொலைகாரர்கள், பத்துப் பக்கத்துக்கு ஒரு பிணம்...

வேகம்? அபாரம். ஆழம்? கணுக்கால் அளவு! செத்தவன் யாரென்று யோசிப்பதற்குள் அடுத்தவன் செத்துவிடுகிறான். இருந்தும் கீழே வைக்க முடிகிறதா?

விருதுநகர் தாண்டி, திருத்தங்கல் நெருங்கும்போது ‘டம்’ என்று ஒரு சத்தம். ஜன்னல் அதிர்ந்தது. டயர்தான் வெடித்திருக்கும் என்று பக்கத்தைப் புரட்டினேன்.

பஸ்ஸில் எல்லோர் கையும் செல்லுக்குப் போனது. வலது பக்கம், தூரத்தில், வெள்ளைப் புகை.

எங்கோ ஒரு செல்போன் ஒரு தடவை அடித்து நின்றது. பின் சீட்டில் இன்னொன்று. முன்னால் இரண்டு. யாருமே எடுக்கவில்லை. ரிங் நின்றதும் மூச்சுவிட்டார்கள்!

என் பக்கத்து சீட்டில் ஒரு பெண். செல்லையே வெறித்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா இது?”

“எங்க வீட்டுக்காரரு பட்டாசு கம்பெனில இருக்காக சார். எங்கன சத்தம் கேட்டாலும் ஒரு ரிங் விட்டு கட் பண்ணிருவாக. நல்லாருக்காகன்னு அர்த்தம்.”

“ரிங் வந்துருச்சா?”

தலையை மட்டும் ஆட்டினார். இல்லை.

புத்தகத்தை மூடினேன். நாவலில் இத்தனை பேர் செத்தபோது ஒரு முறையாவது மூடத் தோன்றியதா?

திடீரென்று அவர் செல் அடித்தது. ஒரு ரிங். இரண்டு. மூன்று... நிற்கவில்லை.

“வேற நம்பரு சார்... எனக்கு முடியல. நீங்க எடுங்க.”

எடுத்தேன்.

“ஏலே, யாருலே அது? என் பொண்டாட்டி எங்க?” என்றது ஒரு முரட்டுக் குரல்.

அத்தனை இனிமையான குரலை நான் கேட்டதே இல்லை!

“உங்க வீட்டுக்காரர்தாம்மா!”

செல்லைப் பிடுங்கினார். “சார்ஜ் இல்லைன்னா என்ன? அடுத்தவுக போன்லயும் ஒரு ரிங்ல கட் பண்ண வேண்டியதுதான? எதுக்கு முழுசா அடிக்க விட்டீக? பாதி உசுரு போயிருச்சு!” திட்டிக்கொண்டே அழுதார்.

சிவகாசி வந்தது. எல்லோரும் இறங்கினோம்.

திரும்பிப் பார்த்தேன். முன் சீட்டில் ஒருவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. செல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கண்டக்டர் அவரை இறங்கச் சொல்லவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.