நெல் நோய்ப் புத்தகம்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து, எங்கள் வீட்டில் சோறு தின்ற ஹனீபா மச்சான், போகும்போது என் அலுமாரியிலிருந்து ஒரு புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மச்சான் என் ராத்தாவின் – அக்காவின் – கணவர். சம்மாந்துறையில் நெல் மில் வைத்திருப்பவர். கடைசியாக அவர் புத்தகம் தொட்டது ஓ.எல். பரீட்சைக்கு – அதுவும் தலைக்கு வைத்துப் படுக்க.

"மச்சான் அந்த நெல் நோய்ப் புத்தகத்தக் கொண்டு போறாரு. நல்ல விசயம்தானே?" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்தப் புத்தகத்தில் நெல்லும் இல்லை, நோயும் இல்லை. ஒரு சின்னத் துறைமுகத்தில் போட் என்ஜின் திருத்தும் ஒருவனுக்கும் ஒரு தபால்காரனுக்கும் காதல். இரண்டு பேரும் ஆண்கள்!

வழக்கமாகப் பேப்பரில் நான் எழுதும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் வாசிப்புப் பைத்தியம் தெரியும். ஆனால் இதை இதுவரை சொல்லவில்லை... சில வருடங்களாக நான் தேடித் தேடி வாசிப்பது குயர் புத்தகங்கள். ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண், திருநங்கைகள் – இவர்களுடைய கதைகள். கொழும்பிலிருந்து பார்சலில் வரும்.

கல்முனையில் ஒரு பார்சல் வந்தால் அதைப் பிரிக்க நாலு வீட்டுக்காரர்கள் வருவார்கள். என்ன செய்வது? ஸ்கூல் கொப்பிக்குப் போடுவது போல அட்டை போட்டேன். மச்சானின் மில் கலண்டர் நல்ல தடித்த தாள், பளபளப்பு வேறு. ஒவ்வொன்றுக்கும் மேலே லேபல் ஒட்டினேன்: 'நெல்லில் வரும் நோய்கள்', பாகம் ஒன்று, இரண்டு என்று. எங்கள் வீடு ஹார்ட்வெயார் கடை வீடு. பெயின்ட், ஆணி, குழாய்தான் பேச்சு. நெல் நோயை யார் தொடப்போகிறார்கள்?

ஒரு குழி வயல்கூட இல்லாத பெண்சாதி வருடக்கணக்காக நெல் நோய் படிக்கிறாளே என்று என் வீட்டுக்காரரே ஒருநாளும் கேட்டதில்லை.

ஆனால் சம்மாந்துறை மனிதர் ஒருவர் என் அலுமாரிக்கு முன்னால் வந்து நிற்பார் என்பதை யோசிக்காமல் விட்டேனே... அதுவும் தன்னுடைய மில்லின் பெயர் போட்ட அட்டையோடு நெல் நோய்ப் புத்தகம்! அவர் எடுக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

வேறு எதையாவது எடுத்திருக்கக் கூடாதா? பக்கத்திலேயே துப்பறியும் நாவல் இருந்தது. அதில் பெண் இன்ஸ்பெக்டர் கொலைகாரனை நாற்பதாம் பக்கத்திலேயே பிடித்துவிடுகிறாள். காதலியிடம் வாய் திறக்க இன்னும் முந்நூறு பக்கம். விண்வெளி நாவல் இருந்தது. இரண்டு பெண்கள் வேறு கிரகத்தில் குடியேறி வீடு கட்டுகிறார்கள். அவர்களுடைய காதல் எனக்கு ஆச்சரியமாக இல்லை. அந்த வீட்டைச் சீதனமாக எழுதித் தரச் சொல்லி ஒருவரும் வரவில்லையே, அதுதான் ஆச்சரியம்! பேய்க்கதை ஒன்று – திருநங்கை ஒருத்திக்கு ஊரில் யாரும் வாடகைக்கு வீடு தரவில்லை. கடைசியில் பேய் வீடுதான் கிடைக்கிறது. "நீ ஆர், எவர்?" என்று அவளிடம் கேட்காத ஒரே ஆள் அந்தப் பேய்தான். நான் பயப்பட வேண்டிய இடத்தில் அழுதேன்.

எல்லாமே நல்ல புத்தகம் என்று சொல்லமாட்டேன். ஒன்றில் எல்லோரும் பத்தரை மாற்றுத் தங்கம். இருபது பக்கத்தில் நித்திரை வந்துவிட்டது.

சரி, மச்சானிடம் எனக்கு என்ன பயம்? அவர் தங்கமான மனிதர்தான். ஆனால் ஆறு வருடத்துக்கு முன்னால் சொந்தத் தம்பி நிஸாமை வாசலோடு திருப்பி அனுப்பியவர். வந்த சம்பந்தம் எல்லாவற்றையும் நிஸாம் தட்டிக்கழித்தான். தெஹிவளையில் ஒரு கூட்டாளியோடு ஒரே வீட்டில் இருந்தான். ஊர் கதைத்தது. "கலியாணம் முடிக்காட்டி என்ட வாசல மிதிக்காத" என்றார் மச்சான். மகன் மாதிரி வளர்த்த ராத்தா இன்றைக்கும் பெருநாள் சோறு போடும்போது அழுவாள்.

தம்பிக்கே மூடிய வாசல், கொழுந்திக்குத் திறந்திருக்குமா? எனக்கு இருப்பது ஒரே ஒரு ராத்தா.

திங்கட்கிழமை ராத்தா போன் எடுத்தாள்.

"கிளி, ஒங்கட மச்சான் கண்ணாடிய ஒடச்சிட்டாரு. அந்தப் புத்தகத்த என்னத்தான் வாசிச்சிக் காட்டச் சொல்றாரு."

"எத்தன பக்கம் போச்சு ராத்தா?"

"அறுவது."

"...நெல்லு வந்துதா?"

"எங்க வந்த? ஒரு தபால்காரன்தான் வந்திரிக்கான். நல்ல பொடியன்."

ஆண்டவனே! புதன்கிழமை நூற்றைம்பதாம் பக்கம். முத்தம் வருகிற இடத்தில் என்ன செய்தாய் என்று மெல்லக் கேட்டேன். "இருமினன்" என்றாள். இருமி இருமி நாலு பக்கம் தாண்டினாளாம். மச்சான் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாராம்.

அதற்கு அடுத்த வாரம் வெள்ளி மச்சான் வந்தார். புத்தகத்தை மேசையில் வைத்தார். பிளேன்டீயைத் தொடவில்லை.

"நெல்லப் பத்தி ஒரு வரியும் இல்லயே மச்சி."

"இல்ல மச்சான்."

"என்ட மில்லுட பேர் மட்டும் இரிக்கி."

"ஓம் மச்சான்."

"அந்த என்ஜின்காரன்ட காக்கா இரிக்கானே, மூத்தவன்... அவனெல்லாம் ஒரு மனிசனா? உம்மாட மையத்த அடக்கவும் தம்பிய வரவிடல்லயே! சத்தம் போட்டு ஏசினன் மச்சி, அவன."

நான் பலமாகத் தலையாட்டினேன். மச்சான் புத்தகத்தை என் பக்கமாகத் தள்ளினார்.

"ஒங்கட ராத்தா புத்தகத்த மூடி வெச்சா. 'கத்தாதீங்க, அந்தக் காக்கா நீங்கதான்' எண்டா. ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கல்ல."

ஆறிய பிளேன்டீயை எடுத்துவிட்டு வேறு ஊற்றி வைத்தேன்.

"எனக்கு இப்பயும் முழுசா விளங்கல்ல மச்சி. மார்க்கம் படிச்ச ஆக்கள் ஒண்டு சொல்லுவாங்க, அதுல நான் கதைக்கிறதுக்கில்ல. ஆனா அவன் என்ட தம்பி. நேத்து கோல் எடுத்தன். 'ஆரு கதைக்கிற?' எண்டு கேட்டான். என்ட குரல் அவனுக்கு மறந்து போச்சு மச்சி..."

நெல் மூட்டையைத் தனியாகத் தூக்குகிற மனிதர், கட்டியிருந்த சாரத்தின் நுனியால் கண்ணைத் துடைத்தார். நானும் அழுதுவிட்டேன். வெட்கம் என்ன?

"ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வா எண்டன். தனிய வராத எண்டும் சொன்னன்."

போகும்போது வாசலில் நின்று திரும்பினார். "பேப்பர்ல எழுதுவாய் எண்டு தெரியும். எழுது. ஆனா ஆள்கள்ட பேர மாத்து. மில்லுட பேரப் போட்டிராத!" மாற்றிவிட்டேன் மச்சான்.

நேற்று ராத்தா போன் எடுத்தாள். பெருநாளைக்குப் புதுப் பாய், புதுத் தலகாணி எல்லாம் வந்துவிட்டதாம். "பொடியன் ரெண்டு பேருக்கும் ஒரே அறையப் போடவா, வெவ்வேறயா?" என்று மச்சானிடம் கேட்டாளாம்.

மச்சானுக்கு இருமல் வந்துவிட்டதாம்.

பரவாயில்லை... கொத்தமல்லி இருக்கிறது.